உதவித்தொகை வரும்... அதுவரை சாப்பாட்டுக்கு?

ஐந்தாவது செமஸ்டர் பரிட்சை முடிந்து ஏற்காட்டில் வீட்டில் இருக்கிறேன். வெளியே பனி, உள்ளே கரண்ட் இல்லை. காபித் தோட்டத்துக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. சும்மா இருந்தால் சும்மா இருக்காத மூளை ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தைக் கிளறிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

பி.காம். மூன்றாம் வருஷம் வந்துவிட்டாலே ஒரே கேள்விதான். "அடுத்து என்ன?" வகுப்பில் பாதிப் பேர் பேங்க் கோச்சிங், கொஞ்சம் பேர் சி.ஏ., நாலைந்து பேர் எம்.பி.ஏ. சொந்தக்காரர்களைக் கேட்டால் அவர்கள் கையில் வேறொரு சாய்ஸ் தயாராக இருக்கும், அதை விடுங்கள். எனக்கு எம்.காம். படிக்க ஆசை. முடிந்தால் அதற்கு மேலும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நான் அரசுப் பள்ளியில் படித்தவள். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. கேட்க ஆயிரம்தானே என்று தோன்றும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் படிக்க இறங்குகிறவர்களுக்குத் தெரியும், பஸ், ஜெராக்ஸ், பரிட்சைக் கட்டணம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது என்று. டிகிரி முடிந்தால் அதுவும் முடிந்தது. திட்டமே இளநிலை வரைக்கும்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. இப்படிப் பலவழி உதவிகள் இருந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் கல்லூரி வாசலை மிதித்தோம். ஆனால் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறவர்களை "இனி நீ பெரிய ஆள், நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுகிறோமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் வரக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா.

எங்கள் பக்கத்தில் முதன்முதலில் எம்.காம். முடித்தவர் அவர்தான். நல்ல மதிப்பெண். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) முழுநேர பி.எச்டி. சேர்ந்தார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார், பட்டியலில் பெயரும் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. பட்டியலில் பெயர் வந்ததே தவிர பணம் வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று பத்து மாதம் ஓடியது. ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து மாதம் 5,000. முதல் மூன்று மாதம் வீட்டில் அனுப்பினார்கள். பிறகு செயின் அடகுக்குப் போனது. பிறகு அனுப்ப ஒன்றுமில்லை.

கடைசியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைக்கவே, ஆராய்ச்சியைப் பகுதிநேரமாக மாற்றிக்கொண்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். உதவித்தொகை முழுநேர மாணவர்களுக்கு மட்டும்தான். பகுதிநேரமாக மாறியதும் தகுதி போயிற்று. வேலையும் ஆராய்ச்சியும் சேர்ந்து ஓடாமல் ஒரு வருஷத்தில் ஆராய்ச்சி நின்றது. இப்போது இங்கே ஒரு ரிசார்ட்டில் கணக்கு எழுதுகிறார்.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "படிக்கிறது கஷ்டமா இல்ல பாப்பா. மெஸ் பாக்கின்னு நோட்டீஸ் போர்டுல பேரு ஒட்டினாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது தோன்றியது, இது நாம் முதல் வருஷத்திலேயே படித்த பாடமாயிற்றே!

ஒரு கம்பெனி லாபத்தில் ஓடலாம், புத்தகத்தில் வரவேண்டிய பாக்கி லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் காசு இல்லையென்றால் அந்தக் கம்பெனி படுத்துவிடும். ஒர்க்கிங் கேப்பிடல் என்று படித்தோமே, தமிழ்வழிக்காரர்கள் நடைமுறை முதல் என்பார்கள், அதேதான். அக்காவின் பேலன்ஸ் ஷீட்டில் குறையே இல்லை. வரவேண்டிய பணம் நிறைய இருந்தது, கையில் காசு இல்லை.

நாட்டில் மேற்படிப்புக்குப் பணமே ஒதுக்குவதில்லை என்று நினைத்தால் அது தப்பு. நான் தேடியதில் கிடைத்தவை சில:

முதுகலைக்கு யு.ஜி.சி. வழியாக ஒரு தேசிய உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்கு, வருஷத்தில் 10 மாதம், மாதம் 15,000 ரூபாய். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. பழங்குடி மாணவர்களின் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 750 தேசிய உதவித்தொகைகள். (ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, ஆகவே எங்கள் மலையில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்தவர்கள் குறைவு.) தமிழ்நாடு அரசு முழுநேர பி.எச்டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. 2023-இல் முதலமைச்சர் பெயரில் மாதம் 25,000 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையும் வந்தது.

ஆகவே எனக்குத் தோன்றுவது, தொகையைவிடத் தேதிதான் பெரிய பிரச்சினை.

பணம் ஏன் தாமதமாகிறது? ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து. கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலகம், அப்புறம் டெல்லி அல்லது சென்னை. ஜே.ஆர்.எஃப். மாதிரியான உதவித்தொகையில் மாணவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஆடிட்டிங் பாடத்தில் வரும் இன்டர்னல் செக்தான் இது. தப்பான ஏற்பாடு இல்லை. ஆனால் அந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் மாணவனின் மாதம் தள்ளிப்போகும். அரசாங்க ஒதுக்கீடு தாமதமானால் எல்லோருக்கும் தள்ளிப்போகும்.

தள்ளிப்போனால் என்ன ஆகும்? ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்ட ரோஹித் வெமுலாவை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சாவுக்குப் பின்னால் இருந்தவை பெரிய விஷயங்கள், அவற்றை ஒரு உதவித்தொகைக்குள் அடக்க முடியாது. ஆனாலும் அவருடைய கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது, அதைத் தன் குடும்பத்துக்குச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். மாதம் 25,000 வீதம் ஏழு மாதம். இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, குறை சொன்னால் போதுமா? என் யோசனை இது.

எங்கள் மலையில் சின்னத் தோட்டக்காரர்கள் மிளகு விற்கிற விதத்தைப் பாருங்கள். அறுவடை ஆக இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே வியாபாரி கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுவார். கொடி காய்த்திருப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அது போதும். அறுவடை வந்ததும் கழித்துக்கொள்வார். (விலையில் கொஞ்சம் அடிப்பார், அது வேறு கதை.) நம் பாடத்தில் வரும் பில் டிஸ்கவுண்டிங்கும் கிட்டத்தட்ட இது மாதிரிதான்.

ஒரு பல்கலைக்கழகம் ஏன் இதைச் செய்யக்கூடாது? உதவித்தொகை உறுதியான ஆணை மாணவர் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மெஸ், ஹாஸ்டல் செலவை மட்டும் மாதாமாதம் பல்கலைக்கழகமே முன்பணமாகப் போட்டுவிடட்டும். அரசுப் பணம் வந்ததும் பிடித்துக்கொள்ளட்டும். வட்டி வேண்டாம். புதிய திட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். ஒரு சுழல் நிதி போதும்.

"மாணவர் பாதியில் விட்டுப் போனால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிலர் போவார்கள். அதற்குத்தான் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்றை நமக்குப் பத்து மதிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தெருமுனைக் கடைக்காரர்கூட அந்த நஷ்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் கடன் கொடுக்கிறார். அதோடு, மெஸ் பாக்கிக்குப் பயந்தே பாதியில் போகிறவர்கள் இதனால் குறைவார்கள் அல்லவா?

"இளநிலைக்கே பணம் போதவில்லை, இவர்களுக்கு வேறா?" என்றும் கேட்கலாம். இது புதுச் செலவே இல்லை, ஏற்கெனவே கொடுப்பதாக எழுதிய பணம். நேரத்துக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, இன்று எம்.காம்., பி.எச்டி. படிக்கிறவர்கள்தான் நாளை நம் தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள். வீட்டில் வசதி உள்ளவர் மட்டும்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியுமென்றால், வகுப்பில் நமக்கு முன்னால் நிற்பவர் யாராக இருப்பார்?

பணத்துக்கு அடுத்தது ஆள். அக்காவுக்கு அந்தப் பத்து மாதத்தில் "பகுதிநேரமாக மாறாதே, தகுதி போய்விடும்" என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. கைடு நல்லவர்தான், ஆனால் அவருக்கே விதி தெரியவில்லை. விதிகள் தெரிந்த ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு போன் இருந்திருந்தால் போதும். மனம் உடைகிற நேரத்தில் பேசவும் ஆள் வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு மனநல ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கருப்பூரில், 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறினால் போதும். எம்.காம். விண்ணப்பம் வந்ததும் போடலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "படி கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இருவருக்கும் தெரியாது.

என்னைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வந்த பணமும் திரும்பிப் போகும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள், எங்கள் ஊரில் ஓ.டி.பி. வருவதற்கே மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறுவதற்கு முன் உதவித்தொகை விதியைப் படியுங்கள். மனசு சரியில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், இலவசம்.

கரண்ட் வந்துவிட்டது. அம்மாவும் வந்துவிட்டார். மீண்டும் சந்திப்போம்.