கறுப்புக் கார்ல சிலந்தி வலை!

என்ன பாஸ், செமஸ்டர் முடிஞ்சுதா? அரியர் எத்தனைன்னு கேட்க மாட்டேன், பயப்படாதீங்க!

இந்த வாரம் நம்ம மேட்டர்... கார். 'எங்ககிட்ட ஓட்டை சைக்கிளே இல்ல, காருக்கு எங்க போறது'ன்னு முறைக்காதீங்க. அப்பா கார், மாமா கார், ஃப்ரெண்டோட அண்ணன் கார்னு ஞாயித்துக்கிழமை கழுவுற டியூட்டி யார் தலையில விழுது? நம்ம தலையிலதானே! அதுவும் கறுப்புக் காரா இருந்துட்டா கதையே வேற. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கதையில வில்லன்? சாட்சாத் நானேதான்!

2004-ம் வருஷம். எங்க பெரியப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு பங்கை எடுத்து, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கறுப்புக் கார் வாங்கினார். வேலை பார்த்த காலம் பூரா சைக்கிள்லயும் டவுன் பஸ்லயும் காவிரிப் பாலத்தைத் தாண்டின மனுஷன். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில வீட்டு வாசல்ல அந்தக் கார் வந்து நின்னப்போ, தெருவே திரும்பிப் பார்த்துச்சு. கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. பானெட்டுல குனிஞ்சு தலை சீவலாம்!

நான் அப்போ செகண்ட் இயர். பெரியப்பா வீட்டுல தங்கித்தான் படிப்பு. காரைப் பளபளன்னு வச்சுக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். (என்னிக்காவது சாவி கைக்கு வராதாங்கிற நப்பாசைதான், வேறென்ன!) தினமும் காலையில காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பழைய பனியனை எடுத்து, சொட்டுத் தண்ணி இல்லாம, வட்ட வட்டமா ஒரு தேய். ஞாயித்துக்கிழமைன்னா ஒரே ஒரு பக்கெட் போர் தண்ணி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அதே பனியன். கீழே விழுந்தா ஒரு உதறு உதறிட்டு மறுபடியும் தேய்ப்பேன். ரெண்டு வருஷம் இந்தச் சேவை நடந்துச்சு.

2006 ஆனி மாசம். அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம், நம்ம கார்தான்னு பெரியப்பா ஒரே பிடிவாதம். பூ அலங்காரம் முடிஞ்சு, மாப்பிள்ளை உட்கார்ந்து, நாயனம் ஆரம்பிச்சு, வீடியோக்காரர் லைட்டைப் போட்டார் பாருங்க... பானெட் முழுக்கச் சிலந்தி வலை! லைட் இருக்கிற இடத்தைச் சுத்தி மெல்லிசு மெல்லிசா நூத்துக்கணக்குல கோடு. லைட் நகர்ந்தா வலையும் கூடவே நகருது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "டாக்ஸியா ஓடின வண்டியோ?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டார். பெரியப்பா சிரிச்சு சமாளிச்சார். ஆனா அன்னிக்கு ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம், அவர் மட்டும் டார்ச் லைட்டோட காரைச் சுத்திச் சுத்தி வந்ததை மொட்டை மாடியில இருந்து நான் பார்த்தேன். எனக்குத் தொண்டையில என்னமோ அடைச்சுது.

கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரு கடையில விட்டோம். ஒரு மணி நேரத்துல 'எல்லாம் போயிடுச்சு சார்'னு திருப்பிக் கொடுத்தாங்க. நிஜமாவே கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டு மழை பெஞ்சுது... வலை பத்திரமா திரும்பி வந்துடுச்சு!

அப்பதான் ஒரு அண்ணன் எங்களுக்கு அறிமுகம் ஆனார். திருச்சிக்காரங்களுக்குத் தெரியும்... ஒரு காலத்துல நம்ம ஊர்லயும் சுத்துப்பட்டுக் கிராமங்கள்லயும் வீட்டுக்கு வீடு செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவாங்க. சீனாவுல மெஷின்ல தீட்டின கல் மலிவா வந்து இறங்கினதும் அந்தத் தொழில் நொடிச்சுப் போச்சு. பல பேர் வேற வேலைக்குப் போயிட்டாங்க. அந்த அண்ணனும் அப்படித்தான். கல்லுக்கு மெருகு போட்ட கை, காருக்கு மெருகு போட வந்துடுச்சு.

வந்தவர் காரைத் தொடவே இல்ல. பெரியம்மாகிட்ட ஒரு பழைய எவர்சில்வர் தட்டைக் கேட்டு வாங்கி வெயில்ல காட்டினார். "பாருங்க, சூரியனைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதா? இப்ப தட்டைச் சாய்க்கிறேன். வட்டமும் கூடவே நகருதா? இதுல வட்டமான கீறலே கிடையாது. கீறல் எல்லாப் பக்கமும் கன்னாபின்னான்னு இருக்கு. எந்தக் கீறல் வெளிச்சத்தை உங்க கண்ணுக்குத் திருப்பி விடற மாதிரி குறுக்கே கிடக்குதோ, அது மட்டும்தான் மின்னும். அதெல்லாம் சேர்ந்து வட்டம் மாதிரி தெரியுது. காரும் இதே கதைதான்."

எனக்கு வாய் பொளந்துடுச்சு. ஃபிசிக்ஸ் கிளாஸ்ல இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் அரியரே வச்சிருக்க மாட்டேனே!

"அப்ப எதிர் வீட்டு வெள்ளைக் கார்ல ஏன்ணே தெரியல?"

"அதுலயும் இதே அளவு கீறல் இருக்கும் தம்பி. வெள்ளை பெயிண்ட் தானே வெளிச்சத்தை நாலாப் பக்கமும் அள்ளி வீசுது. அந்த வெளிச்சத்துல கீறலோட மினுக்கு காணாமப் போயிடும். கறுப்பு வெளிச்சத்தை முழுங்கிடும். இருட்டுல மின்மினி தெரியற மாதிரி ஒவ்வொரு கீறலும் தெரியும்."

அடுத்த கேள்விதான் குண்டு. "தினமும் இதை யார் துடைச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். "கார் மேல தூசின்னு நினைக்கறோம்ல, அது பொடி மணல். காய்ஞ்ச துணியால தேய்ச்சா, உப்புத்தாளால தேய்ச்ச மாதிரிதான். அழுக்கைத் துடைக்கல, பெயிண்ட்டைச் செதுக்கியிருக்காங்க"ன்னார் அண்ணன்.

ஒளிஞ்சு பிரயோஜனம் இல்லைன்னு, "நான்தான் பெரியப்பா"ன்னு ஒத்துக்கிட்டேன். திட்டு விழும்னு பார்த்தா, பெரியப்பா மெதுவா சொன்னார்: "நீ மட்டும் இல்லடா. நீ காலேஜ் போனதும், திரும்ப ஒரு தடவை என் பழைய வேட்டியால நான் துடைப்பேன்."

ஆக, ஒரே காரை ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பாசம் காட்டியிருக்கோம். கார் பாவம்!

இப்ப கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். இன்னிக்கு வர்ற கார்கள்ல தகரத்து மேல பிரைமர், அது மேல கலர், அதுக்கு மேல 'கிளியர் கோட்'னு நிறமே இல்லாத ஒரு பூச்சு. எல்லாம் சேர்த்தே சுமார் 100-லேர்ந்து 150 மைக்ரான்தான். நம்ம தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். மொத்த பெயிண்ட்டும் ரெண்டு முடி கனம்தான் பாஸ்! அதுல கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம சிலந்தி வலை விழறது இந்தப் பூச்சுலதான், அதுவும் மேலாக ரெண்டு மூணு மைக்ரான் ஆழத்துல.

பாலிஷ்ங்கிறது கீறலை அடைக்கிற வேலை இல்ல. கீறலைச் சுத்தி இருக்கிற மேட்டையும் கீறலோட அடி மட்டத்துக்கு இழைச்சு விடற வேலை. அதாவது ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் கிளியர் கோட்டைத் தின்னும். வேக்ஸ் அப்படி இல்ல. அது மேலே உட்கார்ந்து கீறலைக் கொஞ்சம் நிரப்பி மறைக்கும், தண்ணியை ஒட்ட விடாது. பிரேசில்ல வளர்ற கார்னுபா பனையோட ஓலையில இருந்து எடுக்கிற மெழுகு இதுல ரொம்ப ஃபேமஸ். ஆனா நம்ம வெயிலுக்கும் மழைக்கும் சில வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு மாசம். அதோட கரைஞ்சு போயிடும். எங்களை அந்தக் கடை ஏமாத்தினது இந்த இடத்துலதான். பாலிஷ் போடாம வேக்ஸை மட்டும் பூசி, வலையை மூடி அனுப்பிட்டாங்க!

அண்ணன் ரெண்டு நாள் வேலை பார்த்தார். நல்லாக் கழுவி, நிழல்ல நிறுத்தி, பெயிண்ட் மெல்லிசா இருக்கிற ஓரங்கள்ல எல்லாம் டேப் ஒட்டினார். முதல்ல ஒரு சாண் இடத்துல மட்டும், இருக்கிறதுலயே நைஸான பாலிஷ்ல ஆரம்பிச்சார். "போற போக்குல போகுமான்னு பார்க்கணும். போகலைன்னாத்தான் முரடான காம்பவுண்ட். கல்லு தீட்டறப்போ பொடி பொடியா மாத்திக்கிட்டே போவோம்ல, அதே சூத்திரம்தான். முரட்டுப் பொடி போட்ட கோட்டை அடுத்த நைஸ் பொடி அழிக்கணும்." மெஷினோட வேகத்தைக் குறைச்சு, ஸ்பாஞ்ச் பேடை ஒரே இடத்துல நிறுத்தாம நகர்த்திக்கிட்டே இருந்தார். நிறுத்தினா சூடாகி பெயிண்ட் வெந்து போகுமாம். முடிஞ்ச இடத்தை ஸ்பிரிட் கலந்த தண்ணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தார். ஏன்னா பாலிஷ்ல இருக்கிற எண்ணெயும் கீறலை மறைக்கும். "நம்மளை நாமளே ஏமாத்திக்கக் கூடாது பாருங்க."

கடைசியா வேக்ஸ். அண்ணன் மெல்லிசா பூசறதைப் பார்த்துட்டுப் பெரியம்மா சொன்னது: "நம்ம பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு மாதிரியில்ல இருக்கு!" ஸ்ரீரங்கத்து மூலவர் சுதைத் திருமேனி. அதனால அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாசம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி அது நடக்கும். தேய்ச்சுக் கழுவக் கூடாத பொருளை எப்படிக் காப்பாத்தறதுன்னு நம்ம ஊருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல!

ஒரு விஷயம் மட்டும் பெரியப்பாவுக்கு மனசு ஆறல. பானெட் ஓரத்துல ஒரே ஒரு நீளக் கீறல் அப்படியே இருந்துச்சு. அண்ணன் நகத்தால அதுமேல ஒரு இழு இழுத்துக் காட்டினார். நகம் மாட்டுச்சு. "நகம் மாட்டினா அது பாலிஷ்ல போகாது சார். போகற வரைக்கும் தேய்ச்சா கிளியர் கோட்டே போயிடும். அப்புறம் வெயில்ல வெள்ளை வெள்ளையா உரியும். ஒரு கோடு இருக்கட்டும் சார், காரு இருக்கும்." காசு வாங்கற ஆள் 'இதுக்கு மேல வேண்டாம்'னு சொல்றதை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.

சரி, இப்ப நோட் புக்கை எடுங்க. அண்ணன் சொல்லிக் கொடுத்ததும், அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டதும்:

* காய்ஞ்ச துணி காரைத் தொடவே கூடாது. முதல்ல தண்ணி அடிச்சு மணலை இறக்கணும்.

* ரெண்டு பக்கெட். ஒண்ணுல கார் ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்பூவைத் தொடணும். கடைசியில அந்த வெறும் தண்ணி பக்கெட்டோட அடியைப் பாருங்க, குட்டிக் காவிரி மணல்திட்டே இருக்கும்!

* பனியன், வேட்டி வேண்டாம். மைக்ரோஃபைபர் துணி. கீழே விழுந்தா துவைக்கிற வரைக்கும் அதுக்கு லீவ்.

* மேலேர்ந்து கீழே வாங்க. சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தனித் துணி.

* பாத்திர சோப்பு போட்டா இருக்கிற வேக்ஸும் போயிடும்.

* திருச்சி வெயில்ல சுட்டுக்கிட்டு இருக்கிற கார்ல கழுவுறது, பாலிஷ் எதுவும் வேண்டாம். போர் தண்ணி அப்படியே காய்ஞ்சா உப்புத் திட்டு விழும். நிழல்ல நிறுத்தி, உடனே துடைங்க.

* பறவை எச்சம் விழுந்தா 'ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்'னு விடாதீங்க. ஊற வச்சு அன்னிக்கே எடுங்க.

* பழைய கார்கள் பலதுல கிளியர் கோட் கிடையாது. பாலிஷ் போடும்போது துணியில கறுப்பு ஒட்டினா அதுதான் அர்த்தம். ரொம்ப மெதுவா போகணும்.

* இப்ப எல்லாரும் செராமிக் கோட்டிங்னு சொல்றாங்க. வேக்ஸை விட ரொம்ப நாள் நிக்கும், உண்மைதான். ஆனா கீறலை எடுக்காம அதைப் பூசினா, கீறல் அடியில பத்திரமா இருக்கும். கோட்டிங் மேலயும் காய்ஞ்ச துணி போட்டா கோடு விழத்தான் செய்யும்.

ஒரு ஜி.கே. பிட்: 1914-லேர்ந்து 1925 வரைக்கும் ஃபோர்டோட 'மாடல் டி' கார் கறுப்புல மட்டும்தான் கிடைச்சுது. அந்த ஊர்ல எத்தனை பேர் என்னை மாதிரி பனியனோட நின்னாங்களோ!

'எல்லாம் சரி, எனக்குத்தான் கார் இல்லையே'ங்கிறவங்களுக்கு... உங்க கறுப்பு பைக் டேங்க்கைக் கொஞ்சம் வெயில்ல பாருங்க. வலை தெரியுதா? சீட்டுக்கு அடியில செருகி வச்சிருக்கீங்களே ஒரு அழுக்குத் துணி... அதான் குற்றவாளி!

எங்க கார் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? 2006-க்கு அப்புறம் அதுக்குப் பெரிய பாலிஷ் தேவையே படல. பெரியப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கெட்டோட ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல நிப்போம். 'டேய், துணி கீழ விழுந்துடுச்சு, தூக்கிப் போடு'ன்னு அவர் என்னை அதட்டுவார். அவர் துணி விழுந்தா நான் அதட்டுவேன். 2015-ல வண்டியை வித்தப்போ, வாங்கினவர் அந்த நகக் கீறலைத் தடவிப் பார்த்துட்டு, "இது ஒண்ணுதான் சார் குறை"ன்னார். பெரியப்பா, "அது இருக்கட்டும்னுதான் விட்டு வச்சோம்"னு சொல்லிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தப்போ அவர் ஒரு கையில கார் சாவி, இன்னொரு கையில ரெண்டு பக்கெட்!

அடுத்த வாரம் பார்க்கலாமா பாஸ்? அதுக்குள்ள அந்தப் பனியனைத் தூக்கிக் கடாசிடுங்க!