கைதட்டலா, கணக்கா?

சென்ற திங்கள் ஒரு மாலை, பாலாநகரில் ஒரு தேநீர்க் கடை வாயிலில் நின்றிருந்தேன். பட்டறைகளில் ஷிப்டு விடும் நேரம். லேத்துப் பட்டறையிலிருந்து வந்த தமிழர் இருவர் என்னருகே நின்று வழக்காடிக்கொண்டிருந்தனர். “சொந்தமா தொழில் போடற துணிச்சல் ரத்தத்துல வரணும் தம்பி. நமக்கெல்லாம் மாசச் சம்பளந்தான் எழுதியிருக்கு” என்றார் மூத்தவர். “அதெல்லாம் இல்லண்ணே. இடமும் பணமும் குடுத்தா எவனும் முதலாளிதான்” என்றார் இளையவர். தேநீர் ஆறிற்றே தவிர வழக்குத் தீரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வழக்கைத்தானே சென்ற ஆண்டு விழாவில் நம் மன்றமும் பட்டிமன்றமாக நடத்தியது! தொழில் திறமை பிறப்பால் வருவதா, பயிற்சியால் வருவதா என்று ஆறு பேர் முழங்கினோம். எந்தப் பக்கம் கைதட்டல் மிகுந்ததோ அந்தப் பக்கம் நடுவரின் தீர்ப்பும் சாய்ந்தது. வென்ற அணியில் நானும் ஒருவன். ஆகவே, தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று எவரும் சொல்ல முடியாது. நண்பர்களே, அன்று நாம் ஆராய்ந்தது எதை? எவர் குரல் வளம் மிக்கது என்பதைத் தவிர வேறெதையும் நாம் ஆராயவில்லை என்பதே என் கருத்து.

மனிதர் கூடி வாழும்போது ஒருவர் எண்ணத்தையும் செயலையும் மற்றவர் எவ்வாறு மாற்றுகின்றனர் என்று ஆராயும் துறைக்குச் சமூக உளவியல் என்று பெயர். மேடைப் பேச்சிலிருந்து அதனைப் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: அது தன் கூற்றைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. துணைக்கு ஆள் இருந்தால் வேலை விரைவாக நடக்கும் என்று நம் பாட்டிமாரும் சொல்வர். 1898ஆம் ஆண்டில் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சிறுவர் கையில் தூண்டில் உருளையைக் கொடுத்து, தனியே சுற்றும்போது எவ்வளவு நேரம், போட்டியாகச் சுற்றும்போது எவ்வளவு நேரம் என்று அளந்து பார்த்தார். பாட்டி சொன்னது அறிவுரை. அவர் செய்தது விஞ்ஞானம். இது மேனாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்பாரும் உளர். 1928லேயே இராதாகமல் முகர்ஜியும் நரேந்திரநாத் சென்குப்தாவும் இத்துறைக்கு ஓர் அறிமுக நூல் எழுதிவிட்டனர் என்பதை அவர்கள் அறிவாராக.

பாலாநகர்த் தேநீர்க் கடையின் வழக்கும் சோதனைக்கு வந்ததுண்டு. அதுவும் இதே நகரில்! பாலாநகருக்குச் சில கல் தொலைவிலுள்ள யூசுப்குடாவில் சிறுதொழில் பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. 1962ல் இந்நகருக்கு வந்த அந்நிலையத்தோடு சேர்ந்து, ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்லெலண்டு 1964ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். காக்கிநாடாவின் வணிகர்களும் சிறு தொழிலதிபர்களும் குழுக்குழுவாக இங்கே வந்து ஏறக்குறையப் பத்து நாள் தங்கினர். படங்களைப் பார்த்துக் கதை எழுதினர். அக்கதையில் சாதிக்கும் வேட்கை எவ்வளவு என்று தாமே மதிப்பிட்டனர். வளையம் எறிந்து முளையில் மாட்டும் விளையாட்டும் உண்டு. முளையருகே நின்று எளிதாக மாட்டுபவன் ஒருவன்; எட்டாத் தொலைவில் நின்று அதிர்ஷ்டத்தை நம்புபவன் ஒருவன்; கடினம், ஆயினும் முயன்றால் கைகூடும் என்ற தொலைவைத் தேர்ந்தெடுப்பவன் மற்றொருவன். சாதிக்கும் வேட்கை உடையவன் இந்த மூன்றாமவனே என்பது மெக்லெலண்டின் கொள்கை.

விளையாட்டோடு நின்றிருந்தால் நம் ஆண்டு விழாவுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. பயிற்சி பெறாத வணிகர்களையும் ஒப்பிடுவதற்காக அவர்கள் கணக்கில் வைத்துக்கொண்டனர். இராஜமுந்திரியிலும் அவ்வாறு செய்தனர். பின்னர் இரு சாராரும் புதுத் தொழில் தொடங்கினரா, முதலீட்டைப் பெருக்கினரா, ஆட்களைச் சேர்த்தனரா என்று விசாரித்தனர். பயிற்சி பெற்றோர் முந்தியிருந்தனர். பழைய ஆசாரத்தில் ஊறியவரா, மேனாட்டு நடை கொண்டவரா என்பது அவ்வளவாக வேறுபாடு செய்யவில்லை. 1969ல் இவையெல்லாம் நூலாயின.

அப்படியானால் இளையவர் வென்றாரா? அதுவும் இல்லை. பணமும் இடமும் கொடுத்து நடந்த சோதனை அன்று அது. மனத்தைப் பழக்கிப் பார்த்த சோதனை. கடன் கிடைக்காதவனுக்கு வேட்கை மட்டும் என்ன செய்யும் என்று கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்வியே. ஆனால் அக்கேள்வியையும் இன்னொரு சோதனையால் கேட்கலாம் அன்றோ!

இத்துறையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அதுவும் பட்டிமன்றப் பேச்சாகிவிடும். 2015ல் ஓர் ஆராய்ச்சிக் கூட்டணி, அச்சேறிய நூறு உளவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மீண்டும் அதே முடிவு கிட்டியவை நாற்பதைக்கூட எட்டவில்லை. சமூக உளவியல் பகுதியில் நான்கில் ஒன்றே தேறிற்று! வெட்கம்தான். ஆயினும் அந்த வெட்கத்தை வெளியிட்டவர்கள் பகைவர் அல்லர், அத்துறையினரே. தன் தீர்ப்பைத் தானே திரும்ப விசாரித்த பட்டிமன்ற நடுவர் எவரையேனும் நீங்கள் கண்டதுண்டோ?

பட்டிமன்றம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத தமிழ் மன்றம் உப்பில்லாப் பண்டம். அடுத்த விழாவில் சிறு சோதனை ஒன்று செய்வோம். வருவோரிடம் வாயிலில் ஒரு சீட்டு. தலைப்பில் தம் கருத்தை எழுதட்டும். முடிந்தபின் மீண்டும் ஒரு சீட்டு. விடுதியில் உறங்கிக்கொண்டு விழாவுக்கு வராதவர்களிடமும் அதே நாளில் இருமுறை கேட்போம்; அவர்களே நம் இராஜமுந்திரி. நம் முழக்கத்தால் ஒருவர் மனமேனும் மாறிற்றா என்று எண்ணிப் பார்த்து, விடை எதுவாயினும் இவ்விதழிலேயே வெளியிடுவோம். சீட்டுக்கு ஆகும் செலவைச் செயலாளர் தேநீர்க் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.