பக்கத்துத் தோட்டத்துக் கொட்டேஷன் நம் நிலத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசலில் கிணற்றுப் பாசனம். ஒரு ஏக்கர் மிளகாய்க்கு மானியத்தில் சொட்டுநீர் போடப் பதிவு செய்திருக்கிறேன். கொட்டேஷனில் என் பெயர், சர்வே எண் எல்லாம் சரி. ஆனால் சாமான் பட்டியல், போர்வெல்லில் பருத்தி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்ததேதான். கேட்டால், "ஒரு ஏக்கருக்கு எல்லாருக்கும் இதுதான்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் பட்டியல் வைத்திருந்து, புது விவசாயி வரும்போதெல்லாம் அதை நகல் எடுப்பார்கள். அது தப்பில்லை. ஒவ்வொரு சாமானாக அடித்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும், நகலில் விடாது.

ஆனால் கொட்டேஷன் இரண்டு பாகம். மேலே பெயர், சர்வே எண், பயிர், பரப்பு. கீழே சாமான் பட்டியல். இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து, கொட்டேஷன் எண்ணால் கோத்திருப்பார்கள். மேலே பெயரை மாற்றினால் கீழே அளவு தானாக மாறிவிடாது. உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும் போலிருக்கிறது. நாலு இடத்தைச் சரிபாருங்கள்.

1. பக்கக் குழாய் (லேட்டரல்): ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். அதைக் குழாய் வரிசைகளின் இடைவெளியால் வகுத்தால் குழாயின் நீளம் வரும். 1.5 மீட்டர் இடைவெளிக்கு 2,667 மீட்டர். 1.2 மீட்டருக்கு 3,333 மீட்டர். உங்கள் இடைவெளி 1.2 ஆக இருந்து, பட்டியல் 1.5-க்குப் போட்டதாக இருந்தால் 666 மீட்டர் குறையும்.

2. சொட்டுவான்: 60 செ.மீ.க்கு ஒன்று என்றால் 3,333 மீட்டர் குழாயில் சுமார் 5,555 வரும். கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். மணிக்கு 4 லிட்டர் விட்டால் மேலே தேங்கலாம். 2 லிட்டர் பொருந்தும்.

3. வால்வு: 5,555 சொட்டுவானும் 2 லிட்டர் வீதம் மணிக்கு சுமார் 11,100 லிட்டர் கேட்கும். உங்கள் மோட்டார் தருகிறதா? 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பாருங்கள். 2 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர்தான். அப்போது நிலத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். இரண்டு வால்வு வேண்டும். ஒரே வால்வு போட்டால் கடைசி வரிசைக்குத் தண்ணீர் எட்டாது.

4. வடிகட்டி: தெளிந்த போர்வெல் தண்ணீருக்கு வலை வடிகட்டி போதும். கிணறு, பண்ணைக்குட்டைத் தண்ணீரில் பாசி வரும். மணல் வடிகட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

திருத்தத்தை உங்கள் நகலில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். மாதிரியிலேயே மாற்றினால், அடுத்து வருகிறவருக்கு உங்கள் அளவு போய்விடும். திருத்திய தொகை மானிய உச்சவரம்பைத் தாண்டினால் வித்தியாசம் உங்கள் கைப்பணம்; அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். 'சும்மா வருவதுதானே' என்று பலர் பட்டியலைப் பார்ப்பதேயில்லை. ஆனால் ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு மறுபடி வாங்க 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். தப்பான அளவோடு ஏழு வெள்ளாமை எடுப்பது லேசான காரியமல்ல.

எனவே நில வரைபடம், பயிர் இடைவெளி, டிரம் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். பருத்தி, மக்காச்சோளம் போடுகிறவர்கள் வேளாண்மை அலுவலகத்தில் கேட்கலாம். கொட்டேஷனைத் திருத்தி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். சாமான் வந்து இறங்கும்போது அந்தத் தாளை வைத்தே எண்ணி வாங்குங்கள்.