விண்மீனும் கண்டவர் பெயரும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியின் எவ்விடத்தில், எந்நாளில், எவர் வலையிடலாம் என்பதை அது முறைவைத்து வரையறுக்கும். அவ்வுரிமை குலத்தாலும் ஊராலும் வருவது; பிறர்க்கு அதில் இடமில்லை. ஆயின், அதே கரையில் இரவில் நின்று மேல்நோக்கின், குலமும் ஊரும் கேளாத மற்றொரு பரப்பு விரிந்து கிடக்கிறது. அப்பரப்பில் ஒருவர் கண்டதை அவர் பெயரால் உலகம் ஏற்பது எங்ஙனம் என்பது குறித்தே யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

விண்மீன்களுட் பல மங்கிப் பின் பொலிவுறும் இயல்பின. இவற்றை ஒளிமாறும் விண்மீன்கள் என்பர். வால்மீன் தன்னைக் கண்டவர் பெயரைத் தாங்கும். ஒளிமாறும் விண்மீன் தாங்குவதில்லை. ஒரு மண்டலத்தில் முதலில் அறியப்படுவதற்கு 'ஆர்' என்றும், அடுத்ததற்கு 'எஸ்' என்றும் எழுத்திட்டு வழங்குவதே மரபு. ஆதலின், கண்டவர் புகழ் பதிவேட்டிலன்றி வேறெங்கும் நில்லாது.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-ல் தென்வானத்து ரெட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒரு மீன் ஒளி மாறுதலைக் கண்டார். ஏறத்தாழ 278 நாட்களுக்கொரு முறை பொலிவுறும் 'ஆர் ரெட்டிகுலி' அதுவே. வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சன் அதனைத் தமதென்று கொள்ளாது, உதவியாளருக்கே உரியதாக்கினார். 1872-ல் இலண்டன் அரச வானியற் கழகம் ஆசாரியாரை உறுப்பினராக ஏற்றது. கண்டவரது கூர்மைக்கும் தலைவரது நேர்மைக்கும் சமபங்குண்டு என்பது எம் கருத்து.

ஆசாரியாராவது ஊதியம் பெற்று வானை ஆய்ந்தவர். வங்கத்து ஜெசூர் நகரில் கருவூல ஊழியராயிருந்த இராதாகோவிந்த சந்திரரோ, பள்ளி இறுதித் தேர்விலும் வெற்றி காணாதவர். 1918-ல் அக்குயிலா மண்டலத்தில் தோன்றிய புதுமீனைக் கண்டு, தம் குறிப்பை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்திற்கு அனுப்பினார். ஒளிமாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கம் அவரை உறுப்பினராக்கி, 1926-ல் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கியொன்றையும் அனுப்பியுதவிற்று. 1954 வரை அவர் விடுத்த குறிப்புகள் 37,000-க்கு மேற்பட்டன. அத்தொலைநோக்கி பின்னர் வைணு பாப்புவிடம் சேர்ந்து, நம் தமிழ்நாட்டுக் காவலூரை அடைந்தது.

இன்று அச்சங்கம் உலகப் பட்டியலொன்றைப் பேணி வருகிறது. பயில்முறை நோக்கர் எவரும் புதிய மீனொன்றை அதற்கு அறிவிக்கலாம். அம்மீன் முன்னரே பட்டியலில் இல்லையென உறுதி செய்தல் வேண்டும். அதன் இருப்பிடம், ஒளி ஏறியிறங்கும் எல்லை, கால அளவு, வரைபடம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். அறிந்தோர் ஆய்ந்து ஏற்றபின் கண்டவர் பெயர் பதிவில் இடம்பெறும். பட்டமும் பதவியும் அங்குக் கேட்கப்படுவதில்லை.

கையா என்னும் விண்கலம் திரட்டியவற்றிலிருந்து 2022-ல் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஒளிமாறும் பொருள்கள் பட்டியலிடப்பட்டனவே, இனி மனிதக் கண்ணுக்கு வேலையென்ன என்று வினவுவாரும் உளர். அது பொருந்தாது. மிகு பொலிவுடைய மீன்கள் பெருங்கருவிகளின் கண்ணைக் கூசச் செய்வன. பல்லாண்டு விடாது நோக்கற்குரியனவும் பல. அன்றியும், கருவிகள் திரட்டிய குறிப்புகள் பல யாவருக்கும் திறந்து கிடக்கின்றன. அவற்றுள் தேடிப் புதியன காணும் பயில்முறை நோக்கரும் இன்று உளர்.

நம் மாணவர் கண்கள் எவர் கண்ணுக்கும் குறைந்தவையல்ல. கண்டதை நாளும் நாழிகையும் இட்டு எழுதும் வழக்கமே குறைவு. எழுதாத காட்சி விடியுமுன் மறைந்துபோம். ஆதலின், நம் கல்லூரியில் வான்நோக்குப் பதிவேடொன்று தொடங்குக என்று வேண்டுகின்றோம். அதில் ஒவ்வொரு குறிப்பின் எதிரிலும் நோக்கிய மாணவர் பெயரே நிற்க. ஆசிரியர் பெயர் சரிபார்த்தோர் இடத்தில் நிற்க. ஏரிக்கரைக் குப்பத்து இளைஞரொருவர் கண்டதும், போக்சனின் உதவியாளர் கண்டதுபோல், அவருடையதாகவே உலகிற்குச் செல்லட்டும்.