ஒயின் புட்டியைக் கண்டு பயம் ஏன்?

பாரீஸ் நகரத்து ஓட்டல்களில் தினமும் இரவில் ஒரு நாடகம் நடக்கிறது.

கணவனும் மனைவியும் சாப்பிட வருகிறார்கள். மேஜை முன் உட்காருகிறார்கள். சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. அதில் தொல்லை இல்லை. வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு இன்னொரு பட்டியல் வருகிறது. அதுதான் ஒயின் பட்டியல். பெரிய ஓட்டலாக இருந்தால் அது ஒரு தடித்த புத்தகம். நூற்றுக்கணக்கான பெயர்கள்!

கணவரின் முகம் மாறுகிறது. எதைக் கேட்பது? மலிவானதைக் கேட்டால் சிப்பந்தி ஏளனமாக நினைப்பாரோ? மனைவியின் எதிரில் மானம் போய்விடுமோ? கடைசியில், விலை கூடுதலான ஒரு புட்டியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைக்கிறார்.

இந்தப் பயம் தேவையே இல்லை. இந்தப் பயத்தில் லாபம் ஓட்டல்காரருக்குத்தான்!

திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவுக்குத்தான் ஒயின் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது சாப்பாட்டோடு சேர்ந்த பொருள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் சிறுவர்களுக்குக்கூட அதைக் கொடுத்தார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது 1956-ம் ஆண்டில்தான்!

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1960-ம் ஆண்டு வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் சராசரியாக ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது அதில் பாதிகூட இல்லை. தாத்தாவுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்த விஷயம், பேரனுக்குப் பரீட்சையாகிவிட்டது.

பெயர்களும் சும்மா விடுவதில்லை. பிரான்சில் பெரும்பாலும் புட்டியின் மேல் இருப்பது திராட்சையின் பெயர் அல்ல, ஊரின் பெயர். "சாபிளி" என்பது ஓர் ஊர். அங்கே ஒயின் செய்யும் திராட்சைக்குப் பெயர் "ஷார்டனே". "சான்சேர்" என்பதும் ஊர்தான். எந்த ஊர்ப் பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு 1935-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பெயர் திருடுகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் சாப்பிட வந்தவர் பூகோளப் புத்தகத்தையா கையில் கொண்டுவருவார்?

வழி இருக்கிறது. பெரிய ஓட்டல்களில் ஒயினுக்கென்றே ஒருவர் இருப்பார். அவரை "சொம்மெலியே" என்பார்கள். அவரிடம் இரண்டே விஷயங்களைச் சொன்னால் போதும். ஒன்று, என்ன சாப்பிடப் போகிறோம் என்பது. இன்னொன்று, எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்பது. தொகையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் அந்த விலையின் மேல் விரலை வைத்து, "இதுபோல ஒன்று" என்றால் முடிந்தது. அவர் புரிந்துகொள்வார். எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது!

அந்த ஒரு வாய் எதற்கு?

புட்டியைத் திறந்ததும் கிளாசில் ஒரு வாய் ஊற்றிவிட்டு, சிப்பந்தி காத்து நிற்பார். பலர் நடுங்குவது இந்த இடத்தில்தான். "ருசி எப்படி என்று கேட்கிறாரே, என்ன பதில் சொல்வது?" என்று தவிக்கிறார்கள்.

அவர் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்!

புட்டியை அடைக்கும் தக்கையில் சில சமயம் ஒரு கேடு இருக்கும். அது ஒயினில் இறங்கினால், நனைந்த அட்டைப் பெட்டியைப் போல, பூசணம் பிடித்த அறையைப் போல நாற்றம் வரும். அந்த நாற்றம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல ஓட்டலில் மறுபேச்சுப் பேசாமல் வேறு புட்டி கொண்டுவருவார்கள். நாற்றம் இல்லையென்றால் தலையை ஆட்டினால் போதும். கண்ணை மூடி, வாயைக் கொப்பளித்து, ஆகாயத்தைப் பார்த்து வித்தை காட்ட வேண்டியதில்லை.

சரி, வித்தை காட்டுகிற நிபுணர்களுக்காவது எல்லாம் தெரியுமா?

1976-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி பாரீசில் ஒரு பரீட்சை நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இங்கிலீஷ் ஒயின் வியாபாரி அதை நடத்தினார். பிரான்சின் பேர்போன ஒயின்களும், அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்களும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. ருசி பார்த்து மார்க்குப் போட்டவர்களில் ஒன்பது பேர் பிரெஞ்சு நிபுணர்கள்.

வெள்ளை ஒயினில் முதல் இடம் கலிபோர்னியாவுக்கு! சிவப்பு ஒயினிலும் முதல் இடம் கலிபோர்னியாவுக்கு! நிபுணர்கள் திகைத்துப்போனார்கள். புட்டியின் பெயரை மறைத்ததும் பாதி கௌரவம் பறந்துவிட்டது.

இதைவிட வேடிக்கை 2001-ம் ஆண்டில் வெளிவந்தது. போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் கலை படித்த மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயத்துக்கு வாசனை கிடையாது. மாணவர்கள் முகர்ந்து பார்த்து, சிவப்பு ஒயினுக்குச் சொல்லுகிற வர்ணனைகளை அந்த வெள்ளை ஒயினுக்குச் சொன்னார்கள். கண் பார்த்ததை மூக்கு நம்பிவிட்டது!

படித்தவர்களே இப்படி என்றால், சாதாரணக் குடும்பத்தார் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதற்காக, எதையும் எதோடும் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. பாக்கை மென்றால் நாக்கு இழுக்குமே, அதே துவர்ப்புதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து அது வருகிறது. கொழுப்புள்ள இறைச்சியோடு சேர்ந்தால் அது அடங்கிவிடும், இரண்டும் ருசிக்கும். மீனோடு சேர்ந்தாலோ, வாயில் கவுச்சி நிற்கும். ஒயினில் இருக்கும் இரும்புச் சத்துதான் இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-ம் ஆண்டில் எழுதினார்கள். மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சு அல்ல.

ஆனால் பாட்டி காலத்துப் பேச்சு ஒன்றை விட்டுவிடலாம். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது வீடுகள் குளிர்ந்து கிடந்த காலத்துப் பேச்சு. 16 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சரியான சூடு. கோடைக் காலத்தில் பாரீஸ் ஓட்டலில் அதைவிட எவ்வளவோ புழுக்கம். அப்போது சிவப்பு ஒயினுக்கும் பனிக்கட்டி வாளி கேட்கலாம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

கூஜா இருக்கிறதே!

புட்டிதான் வாங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? ஒரு புட்டி முக்கால் லிட்டர். அதில் ஆறு கிளாஸ் வரும். இரண்டு பேருக்கு அது அதிகம். விலையும் அதிகம். கடையில் 10 யூரோ விலையுள்ள புட்டிக்கு ஓட்டலில் 30 யூரோ வாங்குவது சர்வசாதாரணம்.

பிரான்சின் சின்ன ஓட்டல்களில் "பிஷே" என்று கேட்டால் சிறு கூஜாவில் ஒயின் வரும். கால் லிட்டர் கேட்கலாம். அரை லிட்டரும் கேட்கலாம். கூஜாவில் பெயர் இல்லை, பெருமை இல்லை. தன் வாடிக்கைக்காரர்கள் தினமும் குடிக்கிற அந்த ஒயின் மோசமாக இருந்தால் ஓட்டல்காரருக்குத்தான் நஷ்டம். அதனால் பார்த்துத்தான் வாங்கி வைப்பார். குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர்களுக்குக் கூஜாவே மேல்.

அளவும் முக்கியம். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் மதுவினால் கேடே இல்லை என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் அறிவித்தது. காரை ஓட்டி வீடு திரும்புகிறவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் மது சேர்ந்துவிட்டால், பிரெஞ்சுச் சட்டப்படி வண்டி ஓட்டுவது குற்றம். புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு வரம்பு 0.2 கிராம்தான்.

ஒயினே வேண்டாம் என்கிறவரும் தலை குனிய வேண்டியதில்லை. சாப்பிடுகிறவர் கேட்டால் குழாய்த் தண்ணீரைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று பிரான்சில் சட்டம் இருக்கிறது. அப்படிக் கேட்கலாம் என்பதை ஓட்டல்காரரே எழுதிக் காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. "ஒரு கூஜா தண்ணீர்" என்று சத்தமாகவே கேட்கலாம்.