விமானத்தைத் திருப்பி அனுப்பிய ரேடியோ அலை!

பின்லாந்து தேசத்தின் தலைநகரம் ஹெல்சிங்கி. அங்கிருந்து கடலைத் தாண்டினால் எஸ்தோனியா. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் டார்ட்டு. விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி ஹெல்சிங்கியில் இருந்து டார்ட்டுக்குப் புறப்பட்ட விமானம், அங்கே இறங்க முடியாமல் திரும்பி விட்டது. மறுநாளும் அதே கதை. என்ஜினில் கோளாறு இல்லை. வழி காட்டும் செயற்கைக் கோள்களின் ரேடியோ அலையை யாரோ கெடுத்து விட்டார்கள்!

ஏப்ரல் 29 முதல் மே 31 வரை டார்ட்டுக்கு விமானம் கிடையாது என்று பின்னேர் விமான கம்பெனி அறிவித்தது.

மேகத்துக்குள் இறங்குவது எப்படி?

வானம் தெளிவாக இருந்தால் விமானி கண்ணால் பார்த்தே இறங்கலாம். மேகமும் பனியும் மூடி இருந்தால்? ஓடுபாதை தெரியாது. மலை தெரியாது. கருவி காட்டும் வழியில் படிப்படியாகத் தாழ்ந்து வர வேண்டும். குறிப்பிட்ட உயரம் வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால், மறுபடி மேலே ஏறி விட வேண்டும். இது கண்டிப்பான விதி.

அந்தக் கருவிக்கு முன்பெல்லாம் வழி சொன்னது, தரையில் உள்ள ரேடியோ நிலையம். இப்போது பல ஊர்களில் ஜி.பி.எஸ். சொல்கிறது. செல்போனில் வழி காட்டுகிறதே, அதே ஏற்பாடுதான். இந்தச் செயற்கைக் கோள்கள் அமெரிக்க ராணுவத்தின் பொறுப்பில் உள்ளவை. சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ரேடியோ அலை வந்து சேர எத்தனை நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, விமானக் கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், 300 மீட்டர் தூரம் பிசகி விடும்.

ஐந்தாவது சாட்சி

இடத்தைக் கண்டுபிடிக்க 4 கோள்கள் போதும். அவற்றில் ஒன்று தப்பாகச் சொன்னால்? கோர்ட்டு விசாரணை போலத்தான். ஐந்தாவது சாட்சி வேண்டும். ஐந்து பேர் சொல்வதும் ஒத்துப் போகாவிட்டால், யாரோ பொய் சொல்கிறார் என்று தெரிந்து விடும். யார் என்று தெரியாது. ஆறாவது சாட்சி இருந்தால் பொய்யரையும் பிடித்து விடலாம்.

இந்தக் குறுக்கு விசாரணையை விமானக் கருவியே செய்கிறது. கணக்கு ஒத்து வராவிட்டால், தன்னை நம்ப வேண்டாம் என்று விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கிறது.

சில நேரங்களில் ஓர் ஊருக்கு மேலே போதுமான சாட்சிகள் இருக்க மாட்டார்கள். ஆகையால் புறப்படும் முன்பே அதைப் பார்த்துக் கொள்கிறார்கள். கோள்கள் சுற்றும் பாதை தெரிந்ததுதான். பஞ்சாங்கம் கணிப்பது போல் முன்கூட்டியே கணித்து விடலாம். பழுது பார்க்க நிறுத்தி வைத்த கோள்களைக் கழித்துக் கொள்ள வேண்டும். தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் சாட்சி குறையும் என்றால், பயணத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று அமெரிக்க விமான இலாகா சொல்கிறது. விமானிகளுக்கு அது ராகு காலம்! (வேறு துணைக் கோள்களின் உதவி பெறும் புதிய கருவிகளுக்கு இந்தக் கணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.)

பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

டார்ட்டு விஷயத்தில் இந்தக் கணிப்பினால் பயன் இல்லை. கோள்கள் மேலே தங்கள் பாதையில்தான் போய்க் கொண்டிருந்தன. ஆனால் அத்தனை தூரம் கடந்து வரும் ரேடியோ அலை மிகவும் மெல்லியது. அதே அலைவரிசையில் பலமான கருவி ஒன்றை இரைய விட்டால் அமுங்கிப் போகும். திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குழந்தை முணுமுணுத்தால் காதில் விழுமா?

இதைவிட மோசமான தந்திரமும் உண்டு. கோள் அனுப்புவது போலவே பொய் அலையை அனுப்புவது. விமானம் ஓரிடத்தில் இருக்கும். கருவி வேறிடத்தைக் காட்டும். எல்லாச் சாட்சிகளும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொன்னால், குறுக்கு விசாரணை என்ன செய்யும்?

"இது ரஷியாவின் வேலை" என்று எஸ்தோனிய வெளிநாட்டு மந்திரி மார்கஸ் சாக்னா குற்றம் சாட்டினார். 2022-ல் உக்ரேன் போர் மூண்டதில் இருந்து பால்டிக் கடல் பகுதியில் இந்தத் தொல்லை அதிகம்.

அப்படியானால் மற்ற ஊர்களில் விமானம் இறங்கியது எப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான விமான நிலையங்களில் தரையில் இருந்து வழி காட்டும் கருவிகளும் உண்டு. டார்ட்டில் இறங்கும் முறை எல்லாமே ஜி.பி.எஸ்.ஸை நம்பி இருந்தது. ஜி.பி.எஸ். தேவைப்படாத ஒரு முறையை ஏற்பாடு செய்த பிறகே, 2024 ஜூன் தொடக்கத்தில் விமானங்கள் மறுபடி அங்கே போயின.

பழைய ரேடியோ நிலையங்களைப் பராமரிக்கப் பணம் ஆகும். அதனால் பல நாடுகள் அவற்றைக் குறைத்து வருகின்றன. செலவு மிச்சம் என்பது உண்மையே. ஆனால் அடியோடு மூடுவது புத்திசாலித்தனம் அல்ல. அமெரிக்காகூடப் பலவற்றை மூடினாலும், ஒரு பகுதியை ஆபத்துக்கு உதவும் என்று வைத்துக் கொண்டிருக்கிறது.

நம் நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. டில்லி விமான நிலையத்தில் 10-ம் எண் ஓடுபாதையை ஜி.பி.எஸ். துணையோடு நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய் அலை வந்தது என்று, 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. அந்த விமானங்கள் மாற்று முறையில் சமாளித்தன. தரைக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை.