கரண்ட் போனால் போனும் 'கப்சிப்'! இன்டர்நெட் டெலிபோனில் லாபம் என்ன? உஷார் எதில்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீடுகளிலும் கடைகளிலும் இப்போது இன்டர்நெட் டெலிபோன் மணி அடிக்கிறது.

செம்புக் கம்பி போய், பைபர் எனும் கண்ணாடி இழைக் கம்பி வந்துகொண்டிருக்கிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனமே பழைய இணைப்புகளை பைபருக்கு மாற்றி வருகிறது.

செலவு குறைவு, வசதி அதிகம். ஆனால் ஒரு விஷயத்தில் அசந்துவிட்டால் அவசர நேரத்தில் போன் காலை வாரிவிடும்!

எப்படி வேலை செய்கிறது?

நாம் பேசும் குரல் சிறுசிறு துண்டுகளாகி, இன்டர்நெட் போகும் அதே கம்பியில் போகிறது. ஒரு காலுக்கு வினாடிக்கு சுமார் 100 கிலோபிட் இருந்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் அதே கம்பியில் தாராளமாகப் பேசலாம்.

போனுக்கு ஒரு பில், இன்டர்நெட்டுக்கு ஒரு பில் என்று இரண்டு பில் கட்டிய காலம் போச்சு! 2020 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் மாதம் 399 ரூபாய்க்கு (வரி தனி) இன்டர்நெட்டும், உள்நாட்டுக்கு அளவில்லாத பேச்சும் சேர்த்தே கொடுத்தது.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பட்டறைக்கு என்ன லாபம்?

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறைகள் ஏராளம். அங்கே முதலாளி பாதி நாள் வெளியில்தான் இருப்பார். ஆர்டர் கொடுக்கிற கம்பெனி போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது.

இந்த முறையில் ஒரே நம்பருக்கு வரும் காலை ஆபீஸ் மேஜையிலும், முதலாளி கையில் உள்ள செல்போனிலும் ஒரே சமயத்தில் அடிக்க வைக்கலாம். ஒரே கம்பியில் பத்துப் பேர் பேசலாம். லைனுக்கு லைன் தனிக் கம்பி இழுக்க வேண்டாம்.

சிக்கல் எங்கே?

பழைய போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்து கம்பி வழியாகவே வந்தது. தெருவே இருட்டானாலும் போன் பேசியது.

கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் உள்ள பெட்டிக்கு நம் வீட்டு கரண்ட்தான் ஆதாரம். கரண்ட் கட் ஆனால் போனும் கட்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் ஆங்காங்கே படுத்துவிட்டன. ஆம்புலன்சைக் கூப்பிட ஒரு போன் கிடைக்காதா என்று தவிக்கிற நேரம் அது!

பழைய போன் மட்டும் யோக்கியமா என்றால், கேபிளில் தண்ணீர் இறங்கினால் அதுவும் ஊமைதான். ஆனாலும் வெறும் கரண்ட் கட்டுக்கு அது மசியாது.

என்ன செய்யலாம்?

* பெட்டிக்கு என்றே சின்ன பேட்டரி பேக்கப் கடைகளில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் உள்ளவர்கள் பெட்டியை அந்த லைனில் மாட்டுவது நல்லது.

* "நம்பர் மாறிடுமா?" என்று முதலில் கேளுங்கள். கடை போர்டிலும் பில் புத்தகத்திலும் உள்ள நம்பர் போனால் வாடிக்கையாளரும் போய்விடுவார். பழைய பி.எஸ்.என்.எல். நம்பரை வைத்துக்கொண்டே பைபருக்கு மாற வழி உண்டு.

* "வாட்ஸ்-அப்தான் இருக்கே" என்று இருந்துவிடக் கூடாது. அதிலிருந்து 108-க்கோ சாதாரண லேண்ட்லைனுக்கோ பேச முடியாது.

* மலிவாகக் கிடைக்கிறதே என்று லைசென்ஸ் இல்லாத ஆளிடம் இணைப்பு வாங்காதீர்கள். வெளிநாட்டு காலை இன்டர்நெட்டில் இறக்கி, உள்ளூர் கால் போல மாற்றிவிடுவது சட்டப்படி குற்றம். போலீஸ் கதவைத் தட்டும்.

மொத்தத்தில் லாபம் உண்மைதான். மாதாமாதம் மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை பேட்டரிக்குப் போடுங்கள்.

மழைக்காலம் வந்த பிறகு தேடினால், கடையில் பேட்டரியும் இருக்காது, வீட்டில் போனும் இருக்காது!